சிந்துவெளி நகரங்கள் ஏன் கைவிடப்பட்டன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1924ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல், அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் வெளிப்பட்ட நகரங்களைப் பற்றி இலண்டன் வார இதழ் ஒன்றின் வழியாக உலகுக்கு அறிவித்தார். அரப்பாவில் தயா ராம் சாஹ்னியும் மொகஞ்சதாரோவில் ராக்கால்தாஸ் பானர்ஜியும் அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் தோண்டியவற்றின் பயன் அது. இவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்ட நகரங்களை விட்டு மக்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. அதையொட்டித் தமிழ் வாசகர்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயல்கிறேன்.

சிந்துவெளி நாகரிகம் 'அழிந்தது' என்று சொல்வது சரியா?

முழுவதும் சரியன்று. அந்தச் சொல்லே நம்மைத் தவறான தடத்தில் இட்டுச்செல்கிறது என்பது என் கருத்து. கி.மு. 2600 முதல் 1900 வரையிலான எழுநூறு ஆண்டுகளை முதிர்ந்த அரப்பாக் காலம் என்கிறார்கள். பெருநகரங்களும், முத்திரைகளும், எழுத்தும், ஒரே அளவான எடைக்கற்களும் இந்தக் காலத்துக்கு உரியவை. கி.மு. 1900ஐ ஒட்டி இவை ஒவ்வொன்றாக மறையத் தொடங்குகின்றன. ஆனால் அதன் பின்னும் ஏறத்தாழ 600 ஆண்டுகள், பிற்கால அரப்பாப் பண்பாடு என்று அழைக்கப்படும் ஊர்களில் அதே மக்களின் வழிவந்தோர் பயிரிட்டும், மாடு மேய்த்தும், மணி கோத்தும் வாழ்ந்திருக்கிறார்கள். ஆகவே மறைந்தது நகரமும், நகரத்தைத் தாங்கி நின்ற ஏற்பாடுகளும்தான். மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்து நிலம் வெறிச்சோடியதற்குச் சான்று கிடையாது.

நகர வாழ்க்கை குலைந்ததை மண்ணில் எப்படிக் கண்டறிகிறார்கள்?

மொகஞ்சதாரோவின் மேல் அடுக்குகளைப் பார்த்தால் போதும். கீழ் அடுக்குகளில் தெருக்கள் நேராகச் செல்கின்றன. வீட்டுக் கழிவுநீர் சுட்ட செங்கல் வாய்க்கால் வழியே தெருச் சாக்கடையில் சேர்கிறது. சாக்கடையின் மேல் மூடுகற்கள் உள்ளன. இடையிடையே கசடு தங்கி அள்ளுவதற்கான தொட்டிகள் உள்ளன. இப்படிப்பட்ட சாக்கடையை யாரோ ஒருவர் முறைவைத்து அள்ளிக்கொண்டே இருந்தால்தான் அது ஓடும். மேல் அடுக்குகளுக்கு வரும்போது அந்தக் கை நின்றுபோயிருக்கிறது. பெரிய வீடுகளின் முற்றங்கள் குறுக்குச் சுவர்களால் சிறு சிறு அறைகளாகத் துண்டாடப்படுகின்றன. புகையும் வெப்பமும் கக்கும் குயவர் சூளைகள் குடியிருப்புகளுக்கு நடுவே, தெருவுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. முன்பு அதைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஓர் அதிகாரம் இருந்தது, பின்னர் அது இல்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

எடைக்கல்லும் இதையே சொல்கிறது. செர்ட் என்னும் கடினமான கல்லில் மூலை முறியாமல் செதுக்கி, வழவழப்பாகத் தேய்த்த சிறு கனசதுரங்கள் அவை. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துச் செல்லும் வரிசையில், சுமார் 13.7 கிராம் எடையுள்ள பதினாறாம் அளவுதான் மிகுதியாகக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த ஊர்களிலும் இதே அளவுதான் வழங்கியது. ஒரு கல் கைமாறும்போது இரு பக்கத்தாரும் அதை நம்பினார்கள். கி.மு. 1900க்குப் பிறகு இந்தக் கற்கள் வழக்கொழிந்துபோகின்றன. முத்திரையும் எழுத்தும் அவற்றோடு சேர்ந்தே மறைகின்றன.

ஆரியர் படையெடுத்து நகரங்களை அழித்தார்களா?

தமிழகத்தில் மேடைப் பேச்சுகள் வழியாகவும் பழைய நூல்கள் வழியாகவும் மிக ஆழமாக வேரூன்றிய விடை இது. அதைப் பரவலாக்கியவர் பிரித்தானியத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். அவர் 1946இல் அரப்பாவில் கோட்டைச் சுவரைத் தோண்டி வெளிக்கொணர்ந்தார். இருக்கு வேதத்தில் இந்திரன் 'புரந்தரன்', அதாவது கோட்டைகளைத் தகர்ப்பவன் என்று புகழப்படுவதை அந்தச் சுவரோடு இணைத்தார். மொகஞ்சதாரோவின் தெருக்களிலும் அறைகளிலும் முறையான அடக்கமின்றிக் கிடந்த எலும்புக்கூடுகளைக் கடைசி நாளின் படுகொலைக்குச் சான்றாக்கினார்.

1964இல் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் இந்தச் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எலும்புக்கூடுகள் ஏறத்தாழ 37தான். அவையும் ஒரே அடுக்கில், ஒரே நாளில் வீழ்ந்தவையாக இல்லை. கோட்டைப் பகுதியில் போர் நடந்திருந்தால் அங்கே உடல்கள் கிடந்திருக்க வேண்டும்; அங்கே ஒன்றும் இல்லை. எரிந்த அடுக்கும், சிதறிய படைக்கலங்களும் இல்லை. பின்னர் எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடி, அவற்றுள் பெரும்பாலானவற்றில் கொலைக்கான தெளிவான தடயம் இல்லை என்று கண்டார். இவற்றுக்கெல்லாம் மேலாகக் காலம் பொருந்தவில்லை: இருக்கு வேதப் பாடல்களைப் பெரும்பாலான அறிஞர்கள் கி.மு. 1500ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ வைக்கிறார்கள். நகரங்களோ அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே காலியாகிவிட்டன. படையெடுத்து அழித்தார்கள் என்ற கருத்தை இன்று தொல்லியலாளர்கள் ஏற்பதில்லை.

சிந்துவெளி மக்கள் திராவிட மொழி பேசியிருக்கலாம் என்ற கருதுகோள் நிற்பதற்கு இந்தப் படுகொலைக் கதை தேவையே இல்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்ததால்தான், ஒன்று சரிந்தபோது மற்றதும் சரிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிட்டார்கள்.

அப்படியானால் வெளியிலிருந்து யாருமே வரவில்லையா?

வந்தார்கள். 2019இல் வெளியான பண்டைய மரபணு ஆய்வுகளின்படி, யூரேசியப் புல்வெளியைச் சேர்ந்த மேய்ச்சல் குடியினரின் வழித்தோன்றல்கள் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்ட காலத்தில் தெற்காசியாவுக்குள் வந்து, இங்கிருந்தோருடன் கலந்தனர். அதே ஆண்டில், அரியானாவின் ராகிகடியில் முதிர்ந்த அரப்பாக் காலத்தில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரபணுவும் படிக்கப்பட்டது. அதில் அந்தப் புல்வெளி மரபின் கலப்பு இல்லை. நகரங்கள் தளர்ந்துகொண்டிருந்த காலத்திலும் அதன் பின்னருமே இந்தக் குடிப்பெயர்வு நடந்திருக்கிறது. ஆகவே தளர்ச்சிக்கு அதைக் காரணமாகக் காட்ட இயலாது.

மழை பொய்த்ததுதான் காரணமா?

இன்றுள்ள விடைகளில் மிக வலுவானது இதுதான். ஆனால் இதையும் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

இற்றைக்கு ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்பு உலகின் பல பகுதிகளில் வறட்சி தாக்கியது. மேகாலயாவின் மவ்ம்லூ குகையில், கூரையிலிருந்து சொட்டும் நீரின் சுண்ணாம்பு படிந்து படிந்து தரையிலிருந்து எழுந்த கூம்பு ஒன்றில் அதன் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. அதனாலேயே, அந்த வறட்சியில் தொடங்கும் புவியியல் காலத்துக்கு 2018இல் 'மேகாலயன்' என்று பெயரிட்டார்கள். அரியானாவில் ராகிகடி, பர்மானா போன்ற அரப்பா ஊர்கள் இருந்த சமவெளியின் கிழக்கு ஓரத்தில் கோட்லா தாஹர் என்றொரு பழைய ஏரிப் படுகை உள்ளது. அதன் சேற்றில் புதைந்திருந்த சிறு நத்தை ஓடுகளை ஆய்வாளர்கள் அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்தார்கள். வெயிலில் ஏரி நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் முதலில் பறந்துவிடும். கனமானது நீரிலேயே தங்கி, நத்தையின் ஓட்டிலும் சேரும். 4100 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த நத்தைகளின் ஓடுகளில் கனமான ஆக்சிஜனின் பங்கு திடீரென ஏறியிருந்தது. ஏரிக்கு வந்த மழைநீரைவிட அதிலிருந்து ஆவியாகிப் போன நீர் மிகுந்துவிட்டது என்பதே அதன் பொருள். 2014இல் வெளியான முடிவு இது. 2023இல், உத்தரகண்டின் தரம்ஜாலி குகைக் கூம்பைப் படித்தவர்கள் இன்னும் நுணுக்கமான படத்தைத் தந்தார்கள்: 4200 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட காலத்தில், 25 முதல் 90 ஆண்டுகள் வரை நீடித்த மூன்று வறட்சிகள் வந்துள்ளன, கோடையின் பருவமழை, குளிர்கால மழை இரண்டுமே குறைந்திருக்கின்றன. சிந்துவெளி உழவருக்குக் கோதுமையும் பார்லியும் குளிர்கால மழையில் விளைபவை. எள்ளும் தினை வகைகளும் பருவமழையை நம்பியவை. ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும் என்ற ஏற்பாட்டையே இந்த வறட்சிகள் உடைத்தன. தொண்ணூறு ஆண்டுகள் என்றால் மூன்று தலைமுறை. நல்ல மழையைக் கண்ணால் கண்ட ஒருவரும் ஊரில் மிஞ்சியிராத அளவுக்கு நீண்ட காலம் அது.

ஆயினும் ஒரு தடை எழுகிறது. வறட்சி கி.மு. 2200ஐ ஒட்டித் தொடங்குகிறது. பெருநகரங்கள் ஓய்வதோ கி.மு. 1900ஐ ஒட்டி. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. குறைந்த நீரில் விளையும் தினை வகைகளின் பக்கம் சாய்ந்தார்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியில், பெரிய ரண் என்னும் உப்புப் பாலைக்கு நடுவே இருக்கும் தோலாவிராவில், இரண்டு பருவ ஓடைகளைத் தடுப்பணைகளால் மறித்து, கல்லில் வெட்டியும் கட்டியும் அமைத்த பெரிய நீர்த்தேக்கங்களில் சேமித்தார்கள். ஏரியும் கண்மாயும் வெட்டி வாழ்ந்த நமக்கு அந்தத் தேக்கங்களின் படிக்கட்டுகளைப் படத்தில் பார்த்தாலே அவர்களுடைய கவலையும் திறமையும் ஒருசேரப் புரிந்துவிடும். அந்தத் தோலாவிராவும் கடைசியில் கைவிடப்பட்டது. பின்னர் மீண்டும் அங்கே குடியேறியவர்கள் வட்டக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். முன்னோரின் நகரத் திட்டத்தை அவர்கள் பின்பற்றவில்லை.

சரசுவதி ஆறு வறண்டதால்தான் நகரங்கள் அழிந்தன என்கிறார்களே?

இன்று மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் கக்கர்–ஹக்ரா ஆற்றின் கரையில்தான் காளிபங்கன் முதலான பல அரப்பா ஊர்கள் இருந்தன. பாகிஸ்தானின் சோலிஸ்தான் பாலைவனத்தில் ரஃபீக் முகல் நடத்திய கள ஆய்வில், முதிர்ந்த காலத்து ஊர்கள் 174 கிடைத்த இடத்தில், பிற்கால ஊர்கள் 50 மட்டுமே கிடைத்தன. ஆகவே அந்த ஆற்றங்கரை வாழ்க்கை சுருங்கியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இமயத்துப் பனியுருகி நீர் நிரம்பிய பேராறு ஒன்று நகரங்களின் கண்முன்னே வற்றியது என்ற கதை மண்ணியல் சான்றுகளோடு பொருந்துவது கடினம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சத்லஜ் ஆறு ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பழைய தடத்தை விட்டு விலகிவிட்டது என்று காட்டியது. நகரங்கள் எழுந்தபோது அங்கே ஓடியது பெரும்பாலும் பருவமழை நீர்தான் என்றும், பெருவெள்ளத்தின் அச்சமில்லாத அந்தப் பழைய பள்ளமே குடியேற ஏற்றதாக இருந்திருக்கலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேறு முடிவுக்கு வந்த ஆய்வுகளும் உள்ளன, விவாதம் ஓயவில்லை. எப்படியாயினும், பருவமழை தளர்ந்தபோது மழையை மட்டும் நம்பிய ஆறும் தளர்ந்தது. வேதத்தின் சரசுவதி இந்த ஆறுதானா என்பது தனிக் கேள்வி. அதற்கான விடையை நகரங்களின் வீழ்ச்சியோடு பிணைக்க வேண்டியதில்லை.

வெள்ளமோ நிலநடுக்கமோ காரணமாக இருக்க முடியாதா?

சில ஊர்களுக்கு மட்டும் இருக்கலாம். குஜராத்தின் லோத்தலில் வெள்ளச் சேதம் உண்டு. மொகஞ்சதாரோவில் உயரமான இடத்தில் வண்டல் படிந்திருப்பதைக் கண்ட ராபர்ட் ரெய்க்ஸ், நகரத்துக்குத் தெற்கே, சிந்து ஆற்றங்கரையிலுள்ள செஹ்வான் அருகே நிலம் மேலெழுந்து சிந்துவை மறித்து ஏரியாக்கியது என்று 1960களில் வாதிட்டார். அத்தகைய மண்ணணை சிந்துவின் வேகத்தைத் தாங்கியிருக்காது என்று, அந்த ஆற்றை நன்கறிந்த லாம்பிரிக் மறுத்தார். சிந்து தன் தடத்தை மாற்றிக்கொண்டு நகரத்தைத் தவிக்கவிட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து. எது உண்மையானாலும், சிந்து மாகாணத்தில் வந்த வெள்ளம் அரியானாவின் ராகிகடியைக் காலி செய்திருக்காது.

மெசொப்பொத்தேமிய வணிகம் நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றே கருதுகிறேன். இதற்குரிய கவனம் தமிழில் கிடைக்கவில்லை என்ற குறையும் எனக்கு உண்டு. மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், இருந்த அக்காத் நாட்டு மன்னன் சார்கோன், மெலுக்கா, மாகன், தில்முன் ஆகிய நாடுகளின் கலங்கள் தன் துறையில் வந்து கட்டப்பட்டதாகப் பெருமையுடன் பொறித்துவைத்தான். மெலுக்கா என்பது சிந்துவெளி என்றே பெரும்பாலோர் ஏற்கின்றனர். அக்காத் காலத்து உருளை முத்திரை ஒன்று, ஷு-இலிஷு என்பவரை மெலுக்கா மொழியின் மொழிபெயர்ப்பாளர் என்று குறிக்கிறது. 'ஊர்' (Ur) என்ற பெயருடைய மெசொப்பொத்தேமிய நகரத்தின் அரச கல்லறைகளில், வெள்ளைக் கோடுகள் பொறித்த சிந்துவெளிச் சூதுபவள மணிகள் கிடைத்தன. இப்படிப்பட்ட அக்காத் பேரரசு கி.மு. 2150ஐ ஒட்டிச் சரிந்தது. பின்வந்த 'ஊர்' நகர அரசும் கி.மு. 2000ஐ ஒட்டி வீழ்ந்தது.

முத்திரை எதற்கு? சரக்கு மூட்டையைக் கட்டி, முடிச்சின் மேல் களிமண் அப்பி அழுத்துவதற்கு. எடைக்கல் எதற்கு? முன்பின் அறியாதவரோடு கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு. தொலைதூர வணிகம் சுருங்கும்போது இவற்றின் தேவையே சுருங்குகிறது. இவற்றைக் கையாண்டு நகரத்தில் செல்வாக்கோடு இருந்தவர்களின் பிடியும் தளர்கிறது. விளைச்சல் குறைந்து உள்ளூர்க் களஞ்சியமும் வற்றிக்கொண்டிருந்த அதே தலைமுறைகளில் இது நடந்தது என்பதுதான் முக்கியம். மழைக்குறைவு உழவரை நகரத்திலிருந்து விலக்கியது. வணிகம் தளர்ந்தது நகரத்தார் அவர்களைத் திரும்ப ஈர்க்கும் வலுவைப் பறித்தது. எந்த ஒன்றும் தனியே இதைச் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நோய் பரவியதா?

அரப்பாவின் கல்லறைகளில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த க்வென் ராபின்ஸ் ஷுக் குழுவினர், பிற்காலத்தில் தொழுநோய், காசநோய் ஆகியவற்றின் தடங்களும், மண்டையில் அடிபட்ட காயங்களும் கூடுவதைக் கண்டனர். கொள்ளைநோய் நகரைக் காலி செய்தது என்று இதற்குப் பொருளில்லை. நலிந்துவிட்ட நகரத்தில் தங்கிப்போனவர்களின் வாழ்க்கை எவ்வளவு கொடுமையானது என்பதை இந்த எலும்புகள் காட்டுகின்றன.

நகரங்களை விட்ட மக்கள் எங்கே போனார்கள்?

கிழக்கே, அரியானாவுக்கும் மேற்கு உத்தரப்பிரதேசத்துக்கும், தெற்கே, குஜராத்துக்கும். சிந்துவிலும் சோலிஸ்தானிலும் ஊர்கள் குறையும் அதே காலத்தில், மழை சற்று நம்பத்தக்கதாக இருந்த இந்தப் பகுதிகளில் சிற்றூர்கள் பெருகுகின்றன. குஜராத்தின் ரோஜ்டியில், பெருநகரங்கள் ஓய்ந்த பின்னர் ஊர் விரிவடையவே செய்தது. அங்கே தினை வகைகளே முதன்மையான விளைச்சல். ஊர்கள் சிறுத்தன, எண்ணிக்கை கூடியது. கிணறும், மாட்டு வண்டியும், மணி துளைக்கும் தொழிலும் தொடர்ந்தன. எழுதுவதற்கான தேவை மட்டும் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

அவர்கள் தென்னகத்துக்கு வந்து தமிழர் ஆனார்களா?

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் ஆவலை நானும் உணர்கிறேன். அதனாலேயே கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிந்துவெளி மக்களின் மரபு இன்றைய தென்னிந்தியர் உட்படத் தெற்காசியர் பெரும்பாலோரிடமும் கலந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எழுத்து திராவிட மொழியைக் குறிக்கிறது என்று ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்போலாவும் வாழ்நாள் உழைப்பால் வாதிட்டார்கள். 1977இல் வெளியான மகாதேவனின் சிந்துவெளி எழுத்துத் தொகுப்பு இன்றும் இத்துறையின் அடிப்படைக் கருவி. ஆனால் எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. சராசரியாக ஐந்தே குறிகள் கொண்ட வாசகங்களை வைத்துக்கொண்டு எந்த வாசிப்பையும் உறுதிசெய்வது கடினம். 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு அதைப் படித்தறிவோருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது. கடைசிச் சிந்துவெளி நகரத்துக்கும் கீழடிக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. அந்த இடைவெளியை அகழாய்வுதான் நிரப்ப வேண்டும். நம் விருப்பம் அதைச் செய்ய முடியாது.

இன்னும் தோண்டினால் தெளிவான விடை கிடைக்குமா?

சில இடங்களில் கிடைக்கலாம். சோலிஸ்தானின் கன்வேரிவாலா என்னும் பெருநகரம் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் கிடக்கிறது. மொகஞ்சதாரோவின் அடித்தள அடுக்குகள் நிலத்தடி நீரில் மூழ்கியுள்ளன. தோண்டி வெளியே கொணர்ந்த செங்கற்களையோ உப்பு அரித்துத் தூளாக்குகிறது. அதனால் 1960களுக்குப் பிறகு அங்கே பேரளவில் அகழாய்வு நடைபெறவில்லை. 1920களில் தோண்டியவர்கள் பொருள்களை அடுக்குவாரியாகப் பிரிக்காமல், ஆழத்தை மட்டும் அளந்து குறித்தார்கள். எந்தச் சுவர் எந்தத் தலைமுறையில் எழுந்தது என்று இன்று பிரித்தறிவது அதனால் கடினமாகிவிட்டது.

அரப்பாவின் இழப்பு இதனினும் பெரிது. 1850களில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இரயில் பாதை போட்டவர்கள், அங்கே குவிந்து கிடந்த சுட்ட செங்கற்களை வண்டி வண்டியாக அள்ளிச்சென்று ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளத்தின் அடியில் பரப்பினார்கள். அள்ளுவதற்கு எளிதாக மேலே கிடந்தவை, நகரத்தின் கடைசித் தலைமுறைகள் வாழ்ந்த சுவர்களின் கற்கள்தான்.